சட்டை தளர்ந்த பின்

தமிழில் ஒருவரைப் பார்த்து "இளைச்சுட்டீங்களே" என்று சொன்னால் அதில் பாராட்டைவிட விசாரிப்பே மிகுதி. சுகர் வந்துவிட்டதா, வீட்டில் ஏதும் கவலையா, நேரத்துக்குச் சாப்பிடுவதில்லையா என்ற கேள்விகளெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கும். "பூசினாற்போல இருக்கிறாள்" என்பதே நெடுங்காலம் நம் ஊர்களில் நல்ல சொல். இந்தப் பழக்கத்துக்கு வயது மிக அதிகம். சங்க அகப்பாடல்களில் தலைவன் பிரிந்து போனதும் தலைவியின் உடல் மெலிகிறது. அந்த மெலிவைப் புலவர்கள் உடலைக் காட்டிச் சொல்வதைவிட அவள் அணிந்திருப்பதைக் காட்டியே அதிகம் சொல்கிறார்கள். முன்கையில் நிற்க வேண்டிய வளை கழன்று விழுகிறது. தோளில் இறுகியிருந்த தொடி நெகிழ்கிறது. திருக்குறளின் காமத்துப்பாலில் 'உறுப்புநலன் அழிதல்' என்று 124ஆம் அதிகாரமே இதற்கென்று இருக்கிறது. தலைவி தன் துயரத்தை வாய்விட்டுச் சொல்லாமல் அடக்கிக்கொள்ளலாம். கழன்ற வளையை மறைக்க முடியாது. உடல் குறைந்த செய்தியை உடலுக்கு முன்னால் உடையும் அணியும் ஊருக்குச் சொல்லிவிடுகின்றன என்பதைத் தமிழ்க் கவிதை ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே கவனித்துவிட்டது.

திருவள்ளூரைச் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போய்வரும் குடும்பங்கள் வாழும் கடம்பத்தூர் போன்ற ஊரில் இன்று "இளைச்சுட்டீங்களே" என்ற சொல்லுக்கு இன்னொரு முகமும் வந்திருக்கிறது. 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேரும் ஆண்களில் 37 பேரும் அளவுக்கு மேற்பட்ட எடையோடு இருந்தார்கள். டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்கிறார். நடக்கிறார்கள், சோற்றைக் குறைக்கிறார்கள், வசதியுள்ளவர்கள் 2025 மார்ச்சில் இந்தியச் சந்தைக்கு வந்த மவுஞ்சாரோ ஊசிவரை போகிறார்கள். எடை குறைந்ததும் எதிர்பார்த்தது ஒன்று, நடப்பது வேறொன்றாக இருக்கிறது. பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டிவரும் என்பது தெரியும். மோதிரம் சோப்பு நுரையோடு நழுவிப் போகும் என்பதோ, செருப்பு தளரும் என்பதோ தெரியாது. அளவு ஜாக்கெட் என்று பத்து வருடமாக டெய்லரிடம் கொடுத்துவந்த ஜாக்கெட் ஒரே நாளில் யாருடைய அளவும் இல்லாததாகிவிடுகிறது. கன்னம் ஒட்டி, கழுத்துத் தோல் தொங்கி, வயது கூடியதுபோல் தெரிகிறது. நெடுநாள் விரிந்து கிடந்த தோல் உள்ளே இருந்த கொழுப்பு போன வேகத்தில் சுருங்குவதில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக்கொத்தாக முடி உதிரலாம். மர பெஞ்சில் உட்கார்ந்தால் எலும்பு உறுத்துகிறது. மருத்துவ அறிக்கையில் எண்கள் நன்றாக இருக்கும், தெருவில் எதிர்ப்படுபவரோ "உடம்புக்கு என்ன?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்.

இவற்றுள் எதுவும் பெரிய துன்பம் இல்லை. ஆனாலும் இவை சேர்ந்து எழுப்பும் கேள்வி பெரியது. கண்ணாடியில் தெரிபவர் யார்? சிலர் "இப்போதுதான் உண்மையான நான் வெளியே வந்திருக்கிறேன்" என்கிறார்கள். சிலர், பழைய முகத்தைப் பறிகொடுத்தது போல் தவிக்கிறார்கள். இரு சாராரும் ஒன்றை நம்புகிறார்கள்: நான் என்பது ஒரு குறிப்பிட்ட உருவத்தில் இருக்கிறது, அதை அடையலாம் அல்லது இழக்கலாம் என்று. இந்த நம்பிக்கை தவறு என்பது என் வாதம். கூடவே, 'உருவத்தில் என்ன இருக்கிறது, எல்லாம் மாயை' என்று தட்டிவிடும் பதிலும் அதே அளவு தவறு என்கிறேன். உருவம் பொருட்படுத்தத் தக்கது. அதைப் பற்றிக் கேட்க வேண்டியது அது எப்படி இருக்கிறது என்பதைக் காட்டிலும், யாருக்காக அதைச் சுமக்கிறோம் என்பது. இந்தக் கேள்வியைத் தமிழில் மிகக் கூர்மையாகக் கேட்ட பெண்ணின் தலம் கடம்பத்தூரிலிருந்து எட்டிப் பிடிக்கும் தூரத்தில், திருவாலங்காட்டில் இருக்கிறது. அங்கே போகுமுன், நம் கையில் தயாராக இருக்கும் பதிலை முதலில் பார்த்துவிட வேண்டும்.

உடல் ஒரு சட்டை, உயிர் அதை அணிபவர் என்பதே அந்தப் பதில். பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் நைந்த துணியைக் களைந்து புதியதை உடுத்துவது போல உயிர் உடல் மாறுகிறது என்ற உவமை வருகிறது. பாம்பு தோல் உரித்தால் சட்டை உரித்தது என்பதே நம் பேச்சு. சாவு வீட்டில் இந்த உவமை ஆறுதல் தரும். எடை குறைந்தவரிடம் சொன்னால் அது பொருந்துவதில்லை. இங்கே சட்டை மாறவில்லை, நைந்துபோகவும் இல்லை. அணிந்தவர்தான் சட்டைக்குள் சுருங்கியிருக்கிறார். பாம்பு வளர்வதால் சட்டையைக் கழற்றுகிறது. இவர் குறைவதால் சட்டை இவரைக் கழற்றிவிடுகிறது. உடலே உடை என்றால், உடைக்கும் உடலுக்கும் நடுவில் இப்போது விழுந்திருக்கும் இந்த நாலு விரற்கடை இடைவெளி எது? அதைப் பார்த்துத் திடுக்கிடுபவர் யார்? உவமை இங்கே வாய் மூடிக்கொள்கிறது.

சைவ சித்தாந்தம் இதைவிட நுட்பமாகப் பேசுகிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரங்கள் கொண்ட நூல். அதன் மூன்றாம் சூத்திரம் உயிர் உண்டு என்பதற்குக் காட்டும் காரணங்களில் ஒன்று நம் அன்றாடப் பேச்சு. எனது வீடு என்பது போலவே எனது உடல் என்றும் சொல்கிறோம்; ஆகவே உடலைத் தன்னது என்று சொல்லும் ஒன்று உடலுக்கு வேறாக இருக்க வேண்டும். இதை நம் பொருளில் வைத்துப் பாருங்கள். "உடம்பு இளைச்சிருச்சு" என்றும் சொல்கிறோம், "நான் இளைச்சுட்டேன்" என்றும் சொல்கிறோம். முதல் வாக்கியத்தில் உடம்பு வேறு, நான் வேறு. இரண்டாவதில் இரண்டும் ஒன்று. இரண்டாவது வாக்கியத்தை வெறும் பிழை என்று சித்தாந்தம் ஒதுக்குவதில்லை. உயிருக்கு ஓர் இயல்பு உண்டு, அது எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிவிடும் என்கிறது அது. செம்பருத்தியின் அருகில் வைத்த பளிங்கு சிவந்து தோன்றும். உடலைச் சார்ந்த உயிர் தானே பருத்ததாகவும் தானே இளைத்ததாகவும் உணர்கிறது. பளிங்கு சிவப்பில்லை என்பது உண்மை; சிவந்து தோன்றுவதும் உண்மை. ஆக, நான் உடலா உயிரா என்று கேட்டுக்கொண்டே இருப்பதைவிட, நான் எதைச் சார்ந்து இந்த நிறம் கொண்டேன் என்று கேட்பதே பயன் தரும்.

சித்தாந்தம் சட்டை என்ற சொல்லையும் விட்டுவிடவில்லை. அதை உள்ளே கொண்டுபோய் வைக்கிறது. காலம், நியதி, கலை, வித்தை, அராகம் என்ற ஐந்து தத்துவங்களும் உயிரைப் போர்த்தியிருப்பதால் அவற்றுக்குப் பஞ்சகஞ்சுகம் என்று பெயர். கஞ்சுகம் என்றால் சட்டை. இவை கண்ணுக்குத் தெரியும் உடலுக்கும் உள்ளே இருக்கும் உடைகள். அராகம் என்பது விருப்பம், ஒன்றைப் பற்றிக்கொண்டு விடாத பற்று. எடை குறையும்போது வெளிச்சட்டைதான் தளர்கிறது. அராகம் என்ற சட்டை ஒரு நூலும் தளர்வதில்லை. இதற்குச் சான்று தேடித் தத்துவ நூல்களைப் புரட்ட வேண்டாம். இருபது கிலோ குறைந்தவர் துணிக்கடையில் கையை நீட்டுவது பழைய அளவு ரகத்தை நோக்கித்தான். பஸ்ஸில் இரண்டு சீட்டுக்கு நடுவே நேராகவே நடக்கலாம் என்றானபின்பும் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டுதான் போவார். யாரோ எப்போதோ செய்த கேலியை நினைத்து இன்றும் கூட்டத்தில் ஓரமாக நிற்பார். சதை கரைந்துவிட்டது, சதையைப் பற்றிப் பிறர் சொன்ன சொல் கரையவில்லை. அந்தச் சொல் உடலில் இல்லை, அதைச் சார்ந்திருந்த உயிரில் இருக்கிறது. எடை குறைந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியவர்கள் எடை குறைந்த பிறகும் அமைதியடையாமல் இருப்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

இனித் திருவாலங்காட்டுக்கு வரலாம். காரைக்கால் வணிகன் தனதத்தனின் மகள் புனிதவதி. அவளே பின்னாளில் காரைக்கால் அம்மையார். நாகப்பட்டினத்து வணிகன் மகன் பரமதத்தன் அவள் கணவன். மாங்கனியின் கதை எல்லோரும் அறிந்தது. கேட்டவுடன் இறைவன் அருளால் பழம் வருவதைக் கண்ட கணவன், இவள் மனிதப் பெண் இல்லை என்று அஞ்சுகிறான். கப்பலேறிப் போய், பாண்டிநாட்டுப் பட்டினம் ஒன்றில் வேறு பெண்ணை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயர் வைக்கிறான். செய்தி அறிந்த உறவினர் புனிதவதியைச் சிவிகையில் ஏற்றி அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். அவன் மனைவியோடும் குழந்தையோடும் வந்து அவள் காலில் விழுகிறான். அந்த இடத்தில்தான் அவள் இறைவனிடம் கேட்கிறாள்: இவன் கொண்ட எண்ணம் இதுவானால், இவனுக்கென்று இதுவரை தாங்கி நின்ற அழகுள்ள இந்தத் தசையைக் கழித்துவிட்டு, உன் திருவடியைப் போற்றும் பேய்வடிவை எனக்குத் தா என்று. கேட்டதும் உடலை உதறி எலும்புருவாகிறாள். துணியில் ஒட்டிய தூசியை உதறுவதுபோல் அந்த வினைச்சொல்லைப் பெரியபுராணத்தில் சேக்கிழார் போட்டிருக்கிறார். பூமாரி பொழிகிறது. சுற்றத்தாரோ அஞ்சி வணங்கி அகன்று போய்விடுகிறார்கள்.

இவனுக்கென்று தாங்கிய தசை என்ற எண்ணத்தை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். தன் அழகை அவள் பழிக்கவில்லை. தசையை அழுக்கு, புழு, மலம் என்று அருவருத்துப் பேசும் துறவு மரபின் குரல் அவள் கேட்ட வரத்தில் இல்லை. இது சுமை, இதை ஒருவருக்காகச் சுமந்தேன், அவர் வேண்டாம் என்றபின் சுமப்பதற்குக் காரணம் இல்லை என்கிறாள். கணக்கு முடிக்கும் வணிகர் வீட்டுப் பெண்ணின் தெளிவு அது. தோற்றம் என்பது யாரோ ஒருவரின் கண்ணுக்கு நாம் செலுத்திவரும் கடன் என்ற உண்மையை அந்த இடத்தில் அவள் கண்டுகொள்கிறாள். பரமதத்தன் செய்ததையும் கவனிக்க வேண்டும். அவன் அவளை இகழவில்லை, வணங்கினான். அவள் பெயரைக்கூட எடுத்து வைத்துக்கொண்டான். பெயரை வைத்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டான். நேற்றுவரை கேலிபேசிய வாய் இன்று "அடையாளமே தெரியலையே, சூப்பரா இருக்கீங்க" என்று வியக்கும்போது எடை குறைந்தவர் சிலருக்கு மகிழ்ச்சியோடு ஒரு கசப்பும் எழுகிறதே, அதன் வேர் இதுதான். வணக்கமும் வசையும் அந்த உருவத்துக்கே போய்ச் சேர்கின்றன. உள்ளே இருப்பவரை இரண்டும் தொடுவதில்லை.

கதையின் அடுத்த பகுதி இன்னும் முக்கியமானது. பேயுருவாகக் கயிலைக்குப் போகும் வழியில் அவளைக் கண்டவர்கள் வியந்து, பயந்து ஓடுகிறார்கள். அவள் தனக்குள் சொல்லிக்கொள்வதாகச் சேக்கிழார் எழுதுவதன் கருத்து இது: இறைவன் என்னை அறிவான் என்றால், உண்மை அறியாத எட்டுத்திசை மக்களுக்கு நான் எந்த உருவமாகத் தெரிந்தால் என்ன? அறிவது வேறு, காண்பது வேறு என்ற பிரிவை அவள் இங்கே செய்கிறாள். கயிலையில் தலையால் நடந்து வருகிறாள். உமை அந்த எலும்புருவைக் கண்டு, இதன் அன்புதான் என்னே என்று வியக்கிறாள். நம்மைப் பேணும் அம்மை இவள், இந்தப் பெருமை மிக்க வடிவையும் நம்மிடம் வேண்டிப் பெற்றாள் என்று இறைவன் விடை சொல்லி, அவளை "அம்மையே" என்று அழைக்கிறான். உலகில் எல்லோரும் அடையாளம் தெரியாமல் ஓடிய உருவத்தை ஒருவன் மட்டும் உறவுமுறை சொல்லி அழைக்கிறான். உருவம் அடியோடு மாறியபின்பும் ஆள் மாறவில்லை என்பதற்கு அந்தக் கதை தரும் ஒரே சாட்சி அந்த அழைப்பு. நான் யார் என்பதை என் உருவம் நிறுவுவதில்லை. என்னை அறிந்தவர் என்னை அழைக்கும் விதம் நிறுவுகிறது.

இதெல்லாம் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய கதை, அம்மையாரோ அவருக்குப் பல நூற்றாண்டு முந்தியவர், கதையை வைத்துத் தத்துவம் பேசலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அம்மையாரின் பாடல்களில் மாங்கனியும் இல்லை, கணவனும் இல்லை. ஆனால் இந்த வாதத்துக்கு வேண்டியது அவர் வாக்கிலேயே இருக்கிறது. அவர் தம்மைக் காரைக்கால் பேய் என்றே குறிப்பிடுகிறார். 8ஆம் நூற்றாண்டில் சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் அவரைச் சொல்வதும் பேயார் என்றுதான். திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தின் தொடக்கத்திலேயே ஒரு பெண்பேயின் உடலைக் கூசாமல் வரைகிறார்: வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த கண், ஒட்டிய வயிறு, நீண்ட கணைக்கால். மெலிந்த உடலை இவ்வளவு நேராக, இரக்கமும் கேட்காமல் வெறுப்பும் காட்டாமல் எழுதிய பாட்டு அதற்கு முன் தமிழில் உண்டா என்பது ஐயமே. அகப்பாட்டில் வளை கழன்றால் அது காணாத தலைவனுக்கு அனுப்பிய முறையீடு. இங்கே கழல வளையே இல்லை, முறையீடும் இல்லை. அற்புதத் திருவந்தாதியின் முதற்பாட்டிலோ, பிறந்து பேசக் கற்ற காலம் முதலே உன்மேல் காதல் கொண்டேன் என்ற கருத்தைச் சொல்கிறார். குழந்தை உடல், மணப்பெண்ணின் உடல், பேயுடல் என்று மூன்று உடல்களுக்கும் ஊடே அறுபடாமல் வந்தது அந்தக் காதலும் அதைச் சொன்ன நாவும். அவர் எடுத்துக்கொண்ட யாப்பு அந்தாதி: ஒரு பாட்டின் முடிவு அடுத்ததன் தொடக்கமாகும், 101 வெண்பாக்கள் ஒரே இழையாகக் கோத்து நிற்கும். ஓர் ஆளின் தொடர்ச்சி உருவத்தில் இல்லை, முடிந்த இடத்திலிருந்து மீண்டும் எடுத்துச் செல்லும் சொல்லில் இருக்கிறது என்பதை அந்த வடிவமே காட்டுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

சிற்பிகள் இதை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடும் பெருமானின் கீழே எலும்பும் தோலுமாக உட்கார்ந்து தாளம் போடுகிறார் அம்மையார். கம்போடியாவில் 967இல் எழுப்பப்பட்ட பந்தியாய் ஸ்ரீ கோயிலில் சிவன் ஆடும் காட்சியின் ஓரத்தில் இருக்கும் மெலிந்த பெண்ணுருவையும் அவராகவே அறிஞர் பலர் கொள்கிறார்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் கான்சஸ் சிட்டி அருங்காட்சியகத்திலும் உள்ள சோழநாட்டுச் செப்புத்திருமேனிகளில் விலா எலும்புகளை எண்ணிவிடலாம். அரையில் சிறு துணி. கையில் தாளம். முகத்தில் நிறைவு. அளவெடுத்துத் தைத்த எதுவும் அந்த உடலில் இல்லை, ஆகவே தளர்ந்து தொங்கவும் எதுவும் இல்லை. காரைக்காலில் ஆனிப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் மாங்கனித் திருவிழாவிலோ அதே அம்மையார் பட்டும் நகையுமாகத் திருக்கல்யாணக் கோலத்தில் இருக்கிறார். பிறந்த ஊர் மணப்பெண்ணைக் கொண்டாடுகிறது. அடைந்த ஊர் பேயைத் தொழுகிறது. இரண்டும் ஒருவரே என்பதில் எந்தப் பக்தருக்கும் குழப்பம் வந்ததில்லை.

எதிர்வாதங்களில் வலுவானது இது: மெலிந்த உடலைப் புனிதமாக்குவது ஆபத்து. பட்டினி கிடந்து அழகாக வேண்டும் என்று துடிக்கும் பிள்ளைகள் இருக்கும் காலத்தில், நோயால் வற்றிய உடல்கள் வார்டுகளில் கிடக்கும் நாட்டில், எலும்புருவைப் போற்றலாமா? போற்றக் கூடாது என்றே நானும் சொல்வேன், பட்டினியின் விளைவாக அது வந்திருந்தால். அம்மையாரின் கதையில் நோன்பு என்பதே இல்லை. கணவனுக்குச் சோறு படைத்தார், பசித்து வந்த சிவனடியாருக்கு மாம்பழம் படைத்தார். உண்ணா நோன்பை வேறு மரபு போற்றியது. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர்நீத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. சித்தார்த்தர் உடலை வற்றவைத்துப் பார்த்துவிட்டு அந்த வழி உதவாது என்று கைவிட்டார். காந்தாரச் சிற்பி செய்த அந்தப் பட்டினிக் கோலம் லாகூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சைவத்திலேயே திருமூலர், உடம்பை ஒருகாலம் இழிவென்று எண்ணியிருந்து, உள்ளே உறையும் பொருளைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதாகப் பாடுகிறார். நினைக்காமல் எடை குறைந்தால் முதலில் போக வேண்டிய இடம் கோயில் இல்லை, ஆஸ்பத்திரி. சர்க்கரை நோயும் காசநோயும் அப்படித்தான் தம்மைக் காட்டும். காசநோய் இறப்பைக் குறைக்கத் தமிழ்நாடு 2022இல் தொடங்கிய திட்டத்தில், நோயாளியின் உடல் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று அளப்பது முதற்படிகளில் ஒன்று. மெலிந்தவரைத் தேடிக் காப்பது அறம். அதற்கும் நான் சொல்வதற்கும் மோதல் இல்லை.

இன்னொரு வாதம் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. ஒரு பெண் தன் விருப்பப்படி வாழ, பேயாக வேண்டியிருந்ததே, இதில் என்ன விடுதலை? ஆண் அடியார்களில் யாரும் தம் தசையைக் கழிக்கக் கேட்கவில்லை. இதை மறுக்க என்னிடம் காரணம் இல்லை. மனைவி, கைம்பெண் என்ற இரண்டைத் தவிர வேறு இடம் அந்தச் சமூகம் அவளுக்கு வைக்கவில்லை. இருக்கும் உருவத்தோடு தனியே நடந்தால் ஊர் விடாது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். அந்த வகையில் கதை ஊரின் மேல் வைத்த குற்றச்சாட்டும் ஆகும். ஆனால் மரபு அவரை எங்கே வைத்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அறுபத்துமூவர் வரிசையில் மற்றவர் நிற்க அவர் அமர்ந்திருக்கிறார். கயிலையிலிருந்து வந்து அவர் தலையால் நடந்த ஊர் என்று திருவாலங்காட்டில் கால் வைக்க அஞ்சி, ஞானசம்பந்தர் பக்கத்துப் பழையனூரில் தங்கிவிட்டதாகப் பெரியபுராணம் சொல்கிறது. அழகுக்காகக் கிடைக்கும் மரியாதை இப்படி நிலைத்து நின்றதாக எந்த வரலாற்றிலும் பார்க்க முடியாது.

மூன்றாவதாக, நாம் அடியார்கள் இல்லை, மனிதக் கண்களுக்கு நடுவேதான் பிழைக்க வேண்டும் என்று சொல்லலாம். சரிதான். கம்பெனி கொடுத்த சீருடை தொளதொளவென்று தொங்கினால் இயந்திரத்தின் அருகே அது ஆபத்து. அடையாள அட்டையில் உள்ள முகமும் நேரில் வரும் முகமும் ஒத்துப்போகாவிட்டால் கேட்டில் கேள்வி வரும். துணியைப் பிடித்துத் தைக்கத்தான் வேண்டும், புதுப் படம் எடுக்கத்தான் வேண்டும், நன்றாக உடுத்த ஆசைப்படுவதிலும் குற்றமில்லை. பிறருக்கு முன் ஒழுங்காகத் தோன்றுவது ஒரு மரியாதை. நான் சொல்வது, அந்த மரியாதையைச் செலுத்திவிட்டு அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது. கண்டவர் எல்லோருடைய பார்வையையும் சார்ந்தால் உயிர் அத்தனை நிறமும் கொள்ளும். காலையில் பருமன், மாலையில் நோயாளி, மறுநாள் அழகன். நம்மை அறிந்தவர் என்று சொல்லத்தக்கவர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். நம்பிக்கை உள்ளவருக்கு இறைவன் அதில் முதல்வன், நம்பிக்கை இல்லாதவருக்குத் தாயாகவோ நண்பராகவோ இருக்கலாம். தளர்ந்த சட்டையோடு போய் அவர்கள் முன் நின்றால், உடம்பைப் பார்த்துப் பேசுவதற்கு முன் பெயர் சொல்லி அழைப்பார்கள்.

இளைத்துப்போன ஒருவரை வழியில் கண்டால், உடம்பைப் பற்றி எதுவும் கேட்காமல் முதலில் அவரை எப்போதும் அழைக்கும் முறை சொல்லி அழையுங்கள். நலம் விசாரிப்பதை அதற்கு அடுத்து வைத்துக்கொள்ளலாம். நேரம் கிடைக்கும்போது திருவாலங்காட்டுக்கும் ஒருமுறை போய்வாருங்கள். கடம்பத்தூரில் அரக்கோணம் பக்கம் போகும் மின்சார ரயிலில் ஏறினால் செஞ்சி பனம்பாக்கம், மணவூர், அதற்கு அடுத்த ஸ்டேஷன் அதுதான்.